வெளியும் வடிவும்: முப்பரிமாண அமைப்புக் கலைக்கு ஒரு தோற்றுவாய்

குடமொன்றை முன்வைத்துச் சித்திரம் வரையும் மாணவன் முதலில் அதன் விளிம்பைக் கோட்டாற் காட்டுகின்றான். ஒளிபடும் பக்கத்தை வெளிற விட்டு, மறுபக்கத்திற்கு நிழல் கொடுக்கின்றான். தட்டையான கடதாசியில் உருண்டையான குடம் தோன்றக் கண்டு மகிழ்கின்றான். அதே குடத்தைச் சக்கரத்தில் வனையும் குயவனோ விளிம்பைப் பற்றி எண்ணுவதில்லை. அவனுடைய விரல்கள் களிமண்ணின் நடுவே ஒரு வெறுமையை வளர்க்கின்றன; மண் அவ்வெறுமையைச் சூழ்ந்து சுவராக எழுகின்றது. பின்னர் அக்குடத்தில் நீர் நிற்பது மண்ணிலன்று. மண்ணாற் சூழப்பெற்ற வெளியிலேயாம். ஒரே பொருளை நோக்கும் இவ்விருவருக்கும் இடையேயுள்ள வேறுபாடு எதுவோ, அதுவே ஓவியக் கலைக்கும் முப்பரிமாண அமைப்புக் கலைக்கும் இடையேயுள்ள வேறுபாடாகும்.

நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று பரிமாணங்களும் உண்மையாகவே உடைய பொருள்களை ஆக்கும் கலை முப்பரிமாண அமைப்புக் கலை எனப்படும். சிற்பம், கலம், தளபாடம், பொறியின் புறவுரு முதலியன இதன்பாற்படும். இவற்றை மனிதன் சுற்றிவந்து காண்கின்றான். வீடு, கோயில், அரங்கு, தோட்டம் முதலியவற்றிலோ மனிதன் உட்புகுகின்றான். அவை அவனைச் சூழ்ந்து நிற்கின்றன. இப்பிற்கூறிய வகையை இட அமைப்பு என்பர். சுற்றிவரப்படுவதும் சூழ்ந்து நிற்பதும் வெவ்வேறு கலைகள் போலத் தோன்றினும், இரண்டிற்கும் மூலப்பொருள் ஒன்றே. அது வெளி. இவ்வுண்மையைக் கண்ணால் மட்டுமன்றிக் கையாலும் காலாலும் உணர்ந்துகொள்வதே இக்கலையிற் புகும் மாணவனின் முதற் பாடமாகும்.

இப்பாடம் தவறினால் விளையும் கேடு சிறிதன்று. பிழைபட்ட ஓவியத்தைச் சுவரினின்றும் கழற்றி வைத்துவிடலாம். பிழைபட்ட நாற்காலி அதில் அமர்வோர் அனைவரின் முதுகையும் வருத்தும். காற்றுப் புகாத வகுப்பறையில் ஒரு தலைமுறை மாணாக்கர் வெந்து புழுங்குவர். பின்வரிசையினர்க்குப் பேச்சுக் கேளாத மண்டபம், அது நிற்கும் காலமெல்லாம் பின்வரிசையினர்க்குக் கேளாத மண்டபமே. ஆதலின் வெளியை ஆளும் கலை, கலைஞனின் விருப்பத்தோடு மட்டும் அமையாது. பிறருடைய உடலையும் நாளாந்த வாழ்வையும் பொறுப்பேற்கும் கலையாகின்றது.

கோடும் தளமும் திண்மமும்

கடதாசியிற் பயின்ற கண் ஒரு பொருளை ஒரு நிலையில் நின்றே நோக்கும் இயல்பினது. இதனாலேயே களிமண்ணை முதன்முதற் கையிலெடுக்கும் மாணவர் பலர், முகமும் மார்பும் செவ்வையாக அமைந்து, பிடரியும் முதுகும் உருவின்றிக் கிடக்கும் சிலையைச் செய்துவிடுகின்றனர். அவர்கள் செய்தது சிலையன்று. மண்ணால் வரைந்த சித்திரம். முப்பரிமாணப் பொருளுக்கு முன்புறம் பின்புறம் என்னும் பாகுபாடில்லை. ஒவ்வோர் அடி நகர்விலும் அது புதியதொரு தோற்றத்தைக் காட்டும். அத்தோற்றங்கள் யாவும் ஒன்றோடொன்று இயைந்து நிற்றல் வேண்டும்.

இக்கலையின் உறுப்புக்கள் ஓவியத்திற்கும் உரியவையே; ஆனால் இங்கு அவை வேறொரு பிறவி எடுக்கின்றன. ஓவியத்திற் கோடு என்பது ஓர் எல்லை. வெளியிலோ அது ஈர்க்கைப் போலத் தானே ஒரு பொருள். சாயும், வளையும், ஒன்றையொன்று தாங்கும். தளம் என்பது ஓவியத்தில் நிறந்தீட்டப்பெற்ற பரப்பு. வெளியில் நிறுத்திய மட்டையொன்றோ இடத்தை இரண்டாகப் பிரித்து, இப்பக்கம் அப்பக்கம் என்பவற்றைப் பிறப்பிக்கின்றது. இரண்டு மட்டைகளை மூலையிற் சேர்த்து நிறுத்தினால் ஓர் ஒதுக்கிடம் உண்டாகின்றது. மூன்றை நிறுத்தினால் அது வாயிலுடைய அறையாகின்றது. இங்ஙனம் தளங்கள் சூழச் சூழ வெளி வடிவம் பெறுகின்றது. திண்மமோ வெளியை விலக்கித் தான் அமர்ந்துகொள்கின்றது. அதற்குக் கனமும் ஈர்ப்புமையமும் உண்டு. சாய்வாக வரைந்த கோபுரம் கடதாசியில் விழுவதில்லை. சாய்வாக நிறுத்திய மண்ணுரு விழுந்துவிடும். பூமியின் ஈர்ப்பு இக்கலையின் ஓயாத தேர்வாளர் என்பது மிகையாகாது.

கடதாசி கற்பித்த பாடம்

இவ்வுறுப்புக்களைக் கைப்பயிற்சியாற் கற்பிக்கும் முறையைச் சென்ற நூற்றாண்டிற் சீர்பெற வகுத்த கலைக்கூடங்களுள் முதன்மையானது, ஜேர்மனியின் வைமார் நகரில் 1919 ஆம் ஆண்டு கட்டடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸ் நிறுவிய பௌஹவுஸ் ஆகும். அங்குச் சேர்ந்த மாணவர் எத்தொழிலைப் பின்னர் பயில விரும்பினும் முதலில் ஒரு தொடக்கப் பயிற்சியைக் கடந்தாக வேண்டும். அதனை முதலில் நடத்தியவர் யோகான்னஸ் இட்டன். 1923 இல் அவர் விலகிய பின்னர் லாஸ்லோ மொகோலி-நாகியும் யோசெப் ஆல்பர்சும் அப்பொறுப்பை ஏற்றனர். மொகோலி-நாகியின் மாணவர் மரம், கண்ணாடி, கம்பி, நூல் முதலியவற்றைக் கொண்டு சமநிலையில் நிற்கும் அமைப்புக்களை ஆக்கினர். கனமான ஒரு பொருளை மெல்லிய ஒன்று யாங்ஙனம் தாங்குகின்றது என்பதை அங்ஙனம் கண்டறிந்தனர்.

ஆல்பர்ஸ் கடதாசியை ஆசானாக்கினார். அவர் ஒருமுறை வகுப்பினர்க்குப் பழைய புதினத்தாள்களைக் கொடுத்து, அவற்றிலிருந்து எதையேனும் ஆக்கும்படியும், தாளின் இயல்பை மதித்துச் சிக்கனமாகக் கையாளும்படியும், இயலுமாயின் கத்தரியும் பசையும் இன்றிச் செய்யும்படியும் கூறிச் சென்றாராம். அவர் மீண்டபொழுது மேசைமீது கோட்டைகளும், வானூர்திகளும், விலங்குகளும் நிறைந்திருந்தன. அவர் அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, தாளை நீளவாக்கில் மடித்து நிறுத்திய ஒன்றையே பாராட்டினார் என்று அவ்வகுப்பிற் பயின்ற மாணவரொருவர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். என்னை? கோட்டை கல்லாலும் கட்டப்படலாம். விலங்கு மரத்தாலும் செய்யப்படலாம். மென்மையாய்த் துவண்டு கிடக்கும் தாள் ஒரு மடிப்பினால் விறைப்புற்று நிமிர்ந்து நிற்பதோ, தாளுக்கே உரிய ஆற்றல் வெளிப்படும் செயல்.

சிறுபிள்ளை விளையாட்டுப்போலத் தோன்றும் இம்மடிப்பினுள் ஒரு பொறியியல் உண்மை அடங்கியுள்ளது. ஒரு பொருளின் வலிமை அதன் கனத்தில் மட்டுமன்று, அதன் வடிவிலும் உள்ளது. நெளிதகட்டுக் கூரை மெல்லியதாயிருந்தும் வளையாது நிற்பதும், தென்னோலை நடுவே ஈர்க்கோடு மடிந்து நிமிர்வதும் இவ்வுண்மையினாலேயே. பௌஹவுஸ் 1925 இல் டெசோவுக்குப் பெயர்ந்து, ஈற்றிற் பேர்லினில் 1933 இல் நாற்சி ஆட்சியின் நெருக்குதலால் மூடப்பட்டது. ஆயினும் ஆல்பர்ஸ் அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் வட கரோலைனாவிலுள்ள பிளாக் மவுண்டன் கல்லூரிக்கும், மொகோலி-நாகி 1937 இற் சிக்காகோவுக்கும் அப்பயிற்சியைக் கொண்டு சென்றனர். கலைக்கூடங்கள் பலவற்றில் முதலாண்டு மாணவர் கடதாசி மடித்தும் கம்பி வளைத்தும் பயில்வது இவ்வழிவந்த மரபேயாம்.

இரு கனவுருக்கள்

வெளியும் மூலப்பொருளே என்பதை நேரே காட்டிய சிற்பி, இரசியாவிற் பிறந்த நௌம் காபோ. அவர் 1915, 1916 ஆம் ஆண்டுகளில் அட்டையையும் ஒட்டுப்பலகையையும் துண்டு துண்டாக வெட்டிப் பொருத்தி மனிதத் தலைகளை ஆக்கினார். அத்தலைகளுக்குப் புறத்தோல் இல்லை. உள்ளே ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் தளங்களும், அவற்றிடையே நிற்கும் வெளியும் சேர்ந்து முகமாகத் தோன்றும். தமது கொள்கையை விளக்கும்பொருட்டு அவர் இரண்டு கனசதுரங்களை அருகருகே வைத்துக் காட்டினார். ஒன்று நாற்புறமும் மூடிய திண்மம். மற்றதன் பக்கச் சுவர்கள் நீக்கப்பட்டு, உள்ளே குறுக்காகச் செல்லும் இரண்டு தளங்கள் மட்டும் மேலும் கீழுமுள்ள சதுரங்களைத் தாங்கி நிற்கும். இரண்டும் ஒரே அளவின; ஆனால் முதலாவது இடத்தை அடைத்துக்கொள்கின்றது, இரண்டாவது இடத்தைத் திறந்து காட்டுகின்றது. முன்னையதன் அகத்தை ஊகித்தே அறியலாம். பின்னையதன் அகமே அதன் உருவம்.

இக்கொள்கை இருபதாம் நூற்றாண்டில் எழுதி உரைக்கப்பட்டதெனினும், செய்கையில் அது மிகப் பழையது. சோழர் காலத்து நடராச வடிவத்தை உற்று நோக்குவோர் இதனை உணர்வர். வீசிய கரத்திற்கும் உடலுக்கும் இடையே ஒரு வெளி. தூக்கிய திருவடியின் கீழே ஒரு வெளி. விரிந்த சடைக்கும் திருவாசிக்கும் இடையே ஒரு வெளி. இவ்வெளிகள் யாவும் வார்ப்பின்போது எஞ்சிய இடைவெளிகள் அல்ல. அவை சிற்பியால் அளந்து விடப்பட்டவை. அவற்றை மெழுகிட்டு அடைத்துவிட்டதாக ஒருவன் மனத்திற் கற்பனை செய்வானாயின், ஆடல் அக்கணமே நின்றுவிடும். பொலநறுவைச் சிவாலயங்களிற் கண்டெடுக்கப்பட்டுக் கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பெற்றுள்ள வெண்கலத் திருவுருவங்களை மாணவர் சென்று காணலாம். காணுங்கால் ஒரு பக்கத்தில் நின்று அமையாது, இயன்ற அளவு சுற்றி வருதல் வேண்டும். உலோகத்தை நோக்கிய பின் உலோகம் இல்லாத இடத்தையும் நோக்குதல் வேண்டும்.

தலைமையும் துணையும்

உருக்கள் பல ஒன்று சேருமிடத்து அவற்றிடையே ஓர் ஒழுங்கு வேண்டும். நியூயோர்க் பிராற் கலைக்கழகத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கற்பித்த ரொவீனா றீட் கொஸ்ரெலோ அம்மையார் இதற்கென எளியதொரு பயிற்சியை வகுத்தார். மாணவர் அளவில் வேறுபட்ட மூன்று செவ்வகத் திண்மங்களைக் களிமண்ணிற் செய்து ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். ஒன்று தலைமை பெறும்; மற்றொன்று அதற்குத் துணையாகும்; மூன்றாவது இரண்டையும் நிறைவு செய்யும். மூன்றும் ஒத்த அளவினவாயின் கண் எங்கே தங்குவதென அறியாது அலையும். ஒன்று மிகப் பெரிதாகி ஏனையவை மிகச் சிறுத்தால் அவை ஒட்டிய பருக்கள் போலத் தோன்றும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பொருத்தத்தைக் கணக்கினால் மட்டும் அடைய முடியாது. செய்து, திருப்பிப் பார்த்து, மீண்டும் வெட்டியே அடையலாம். எப்பக்கம் திருப்பினும் பொருத்தம் கெடாதிருத்தலே அதன் தேர்வு.

அளவுகோல் உடலே

பொருளின் பொருத்தம் பொருளுக்குள்ளேயே முடிந்துவிடுவதில்லை. அதனைப் பயன்படுத்தும் மனித உடலோடும் அது பொருந்த வேண்டும். மாடிப்படி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பதினேழாம் நூற்றாண்டிற் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா பிளொன்டெல் ஒரு விதியை மொழிந்தார். படியின் உயரத்தின் இருமடங்கோடு மிதியின் அகலத்தைக் கூட்டினால் அது ஒரு நடையடிக்குச் சமமாதல் வேண்டும் என்பதே அது. இக்காலத்தில் அக்கூட்டுத்தொகையை 60 முதல் 65 சென்ரிமீற்றர் வரை கொள்வர். உயரம் 16 சென்ரிமீற்றராயின் மிதி ஏறத்தாழ 30 சென்ரிமீற்றராகும். இவ்விதி பிழைத்த படியில் ஏறும் முதியவருக்கு அதன் காரணம் தெரியாது. ஆனால் அவருடைய முழங்கால் அறியும்.

பிரான்சில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே, 183 சென்ரிமீற்றர் உயரமுள்ள மனிதன் கையை மேலே உயர்த்தினால் எட்டும் 226 சென்ரிமீற்றரை அடிப்படையாகக் கொண்டு ஓர் அளவு முறையை வகுத்து, அதனை நூலாக வெளியிட்டார். உடலை அளவாகக் கொள்ளும் இம்மரபு நம்முடைய சிற்பிகளுக்கும் புதியதன்று. முகத்தின் நீளத்தைத் தாலம் எனக் கொண்டு, நவதாலம், தசதாலம் என உருவங்களை அவர்கள் வகுத்தனர். சுவாமிமலைச் சிற்பிகள் செய்யவிருக்கும் திருவுருவத்தின் உயரத்திற்கு ஒரு தென்னோலையை நறுக்கி, அதனை மடித்து மடித்து முகம், கழுத்து, மார்பு முதலிய உறுப்புக்களின் எல்லைகளைக் குறித்துக்கொள்வர். அதற்கு ஒடியோலை என்று பெயர். அங்குல எண்கள் மாறினும் ஓலையின் மடிப்பு விகிதம் மாறுவதில்லை. சாண் உயரச் சிலைக்கும் ஆளுயரச் சிலைக்கும் முறை ஒன்றே.

உட்புகும் வெளி

இனி, மனிதன் உட்புகும் வெளியை நோக்குவோம். உரோமாபுரியிலே பேரரசன் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிறைவெய்திய பந்தியன் கோயிலின் உள்விட்டமும், தரையிலிருந்து குவிமாட உச்சிவரையுள்ள உயரமும் ஒன்றே. இரண்டும் ஏறத்தாழ 43 மீற்றர். எனவே அம்மண்டபத்தினுள்ளே ஒரு முழுக்கோளம் பொருந்தும். உச்சியிலுள்ள வட்டத் துளையொன்றே தலையாய ஒளிவாயில். அதன் வழியே விழும் ஞாயிற்றொளி நாள்முழுதும் சுவரில் ஊர்ந்து செல்கின்றது. அங்கே புகுபவன் நடுவே வந்து நின்ற அளவில் இடம் முழுவதையும் ஒருங்கே காண்கின்றான்.

தென்னாட்டுக் கோயிலின் முறை இதற்கு மாறானது. அங்கே இடம் ஒருங்கே காணப்படுவதன்று, படிப்படியாக எய்தப்படுவது. உயர்ந்த கோபுரத்தின் கீழே புகுந்து, திறந்த வெளிவீதியைக் கடந்து, தூண்கள் செறிந்த மண்டபத்துட் சென்று, அர்த்த மண்டபத்தை அணுகி, ஈற்றிற் கருவறையின் முன் நிற்கின்றான் அடியவன். ஒவ்வொரு வாயிலிலும் ஒளி குறைகின்றது, கூரை தாழ்கின்றது, அகலம் சுருங்குகின்றது. புறத்தே ஓங்கிய திண்மம் அகத்தே ஒரு சிறிய இருண்ட வெளியாக ஒடுங்க, அங்கே ஒரு விளக்கின் சுடர் உள்ளத்தை முழுதும் ஈர்த்துக்கொள்கின்றது. அளவிற் சிறியதே மதிப்பிற் பெரியதாக அமையும் இவ்வமைப்பு, நடக்கும் கால்களுக்காகவே வகுக்கப்பட்டது. நிழற்படத்தில் இதனைக் காட்ட இயலாது.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும் இவ்வுண்மைக்குச் சான்றாகும். தெருவோரத்தே கூரையிட்டு இருபுறமும் அமர்விடம் விட்ட சங்கடப் படலை, வழிப்போக்கனுக்கு நிழலும் வீட்டாருக்கு எல்லையும் ஆகின்றது. அதனைக் கடந்தால் முன்முற்றம், பின் விறாந்தை, அதன்பின் நாற்புறமும் சார்புகள் சூழ, வானத்தை நோக்கித் திறந்த நடுமுற்றம். வீட்டின் நடுவே சுவருமில்லை, கூரையுமில்லை, வெளியே உண்டு. ஒளியும் காற்றும் மழைநீரும் அவ்வெளி வழியே வருகின்றன. திருமணமும் பிற சடங்குகளும் அதனைச் சூழவே நிகழ்ந்தன. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960 களின் தொடக்கத்திற் கொழும்பில் எனா டி சில்வா அம்மையாருக்கு அமைத்த இல்லமும் நெருக்கமான நகர்நிலத்தில் உள்முகமாகத் திரும்பி, நடுமுற்றத்தைச் சூழ அமைந்ததே. அவ்வில்லம் பின்னாளிற் கழற்றப்பட்டு, பெந்தோட்டை லுணுகங்கையில் மீள நிறுவப்பட்டது. கல்லும் மரமும் வண்டியிற் சென்றன. ஆனால் அங்கே உண்மையில் மீட்டெடுக்கப்பட்டது முற்றமும் அதனைச் சூழ்ந்த அளவுகளுமே.

தூணின் நிழல்

இட அமைப்பில் ஒளியும் ஓர் உறுப்பு என்பதைச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை காட்டுகின்றது. அங்கே மாதவி ஆடவிருக்கும் அரங்கின் அளவுகள் கூறப்படுகின்றன. 24 விரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் அரங்கின் அகலம் 7, நீளம் 8, தரையிலிருந்து மேடையின் உயரம் 1. மேடைப் பலகைக்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல். புகவும் புறப்படவும் இரண்டு வாயில்கள். ஒரு பக்கத்திலிருந்து வருவதும், இரு பக்கத்திலிருந்து வந்து பொருந்துவதும், மறைவாக மேலிருந்து இறங்குவதும் என மூவகைத் திரைகள். இவற்றோடு நுண்ணியதொரு செய்தியும் உண்டு: தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாது புறத்தே போகும்படி விளக்குக்கள் வைக்கப்பட்டன.

இவ்வொரு செய்தியில் இட அமைப்புக் கலை முழுவதும் அடங்கியுள்ளது எனலாம். தூண் இன்றிக் கூரை நில்லாது. தூண் உண்டாயின் நிழலும் உண்டு. அந்நிழல் ஆடுவோளின் முகத்தில் விழுமாயின் அரங்கு பயனிழக்கும். தூணை ஆக்கிய தச்சன் தூணோடு நின்றுவிடவில்லை. தூண் ஒளியை என்ன செய்யும், ஒளி ஆடலை என்ன செய்யும், ஆடலைக் காண்போர் எங்கே இருப்பர் என அவன் தொடர்ந்து எண்ணினான். பொருளை ஆக்குபவன் அப்பொருள் தன்னைச் சூழ்ந்த வெளியில் விளைக்கும் விளைவுகள் அனைத்தையும் முன்னறிதல் வேண்டும் என்பதே இதன் பொருள்.

தொடங்கும் முறை

இக்கலையைத் தொடங்குவதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பழைய தாளொன்றை ஒட்டாமலும் வெட்டாமலும் நிற்கச் செய்தல் முதற் பயிற்சி. ஈர்க்குகளையும் நூலையும் கொண்டு, கைப்பிடியளவு கனத்தைத் தாங்கும் சட்டமொன்றைக் கட்டுதல் இரண்டாவது. களிமண்ணில் மூன்று திண்மங்களைப் பொருத்தி, தட்டொன்றின்மேல் வைத்துச் சுழற்றிப் பார்த்தல் மூன்றாவது. நான்காவது, தான் நாள்தோறும் இருக்கும் வகுப்பறையை அடியாலும் சாணாலும் அளந்து, கிடைப்படமும் வெட்டுமுகமும் வரைந்து, பின்னர் மட்டையால் அதன் சிற்றுருவை ஆக்குதல். அச்சிற்றுருவில் மனிதனின் உயரத்திற்கு ஓர் ஈர்க்குத் துண்டை நிறுத்தி வைத்தல் இன்றியமையாதது. அஃதின்றேல் அது அறையா பெட்டியா என்பது விளங்காது. சாளரத்தை வெட்டி வெயிலில் வைத்து, ஒளி எங்கே விழுகின்றது, எந்த வாங்கு இருளில் உள்ளது என்று குறித்துக்கொள்ளும் மாணவன், அவ்வறையில் இத்தனை காலம் இருந்தும் காணாதவற்றைக் காண்பான்.

இங்ஙனம் பயின்றவன் மீண்டும் குடத்தை வரைய அமருங்கால், அவனுடைய கோடும் மாறிவிடும். கண்ணுக்குத் தோன்றாத பின்புறத்தையும், சுவரின் தடிப்பையும், உள்ளே நிற்கும் வெளியையும் அறிந்த கை வரையும் கோடு அது. அவன் நாளை கட்டடக் கலைஞனாகலாம், தச்சனாகலாம், ஆசிரியனாகலாம். அன்றி, தன் வீட்டிற்கு ஓர் அறை கூட்டிக் கட்டும் குடும்பத்தலைவனாக மட்டும் அமையலாம். எவ்வாறாயினும், சுவர் எழுப்புமுன் அச்சுவரின் இருபுறத்தும் வாழப்போகின்றவர்களை எண்ணிப் பார்க்கும் பழக்கம் அவனிடம் இருக்கும். அப்பழக்கத்தை ஊட்டுவதே இக்கல்வியின் பயனாகும்.